அறுபத்தேழாம் எண்ணுக்கு மைனஸ் இரண்டு

மணி ஒன்று ஐம்பது. இரண்டரைக்குப் போன வாரத்து ஆட்டத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு ஆண்டவனே வந்தாலும் ஒரு மார்க்கைக்கூட மாற்ற முடியாது. இது தெரிந்தும் அமிர்தவல்லி டிபன் டப்பாவை நிதானமாகக் கழுவினாள், ரப்பர் வளையத்தைத் தனியே எடுத்துத் துடைத்தாள், இருக்கைக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், அதில் எந்தச் சத்தமும் வராது என்பதை வழக்கம்போல மறந்திருந்தாள். அவர்களுக்கு வருகிற படங்களுக்கு ஒலி கிடையாது. ஒலி இருந்தால் வர்ணனை சொல்கிறவன் யாரைத் திட்டுகிறானோ அவனுக்கே இவர்களும் மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம், அதனால் எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாற்பது பேர் காலையிலிருந்து சாயங்காலம்வரை சத்தமில்லாமல் மோதிக்கொள்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் என்னவோ அமெரிக்கக் கால்பந்து, காலுக்கு அதில் அவ்வளவாக வேலையில்லை. முட்டை மாதிரி ஒரு பந்து, ஐந்து நொடி மோதல், பிறகு அரை நிமிடம் சும்மா நிற்பது, மறுபடி மோதல். ஒவ்வொரு மோதலுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டுக்குள் ஒரு மார்க். நாற்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை. ருசி பார்க்கிறவர்கள் எல்லாம் சமைத்தவர்களா என்று டீம் லீட் பழனியப்பன் அவள் சேர்ந்த அன்றே கேட்டு வாயை அடைத்துவிட்டார். அமிர்தவல்லிக்கு ஒரே அணியின் முன்வரிசை ஐந்து பேர்தான் பங்கு. அவர்களும் பந்தைத் தொடமாட்டார்கள். பந்தை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக் என்பவனிடம் எதிராளி போகாமல் மறிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. ஒழுங்காக மறித்தால் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை, ஒருமுறை விட்டால் ஊரே பெயர் சொல்லும், வீட்டு வேலை மாதிரி. அந்த ஐவரில் இடமிருந்து இரண்டாவது ஆள் அறுபத்தேழு. மார்விஸ் டில்லர்ட் என்று ஒரு பெயர் உண்டு, ஆனால் மூன்று வருஷமாக அவளுக்கு அவன் அறுபத்தேழுதான். முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், தலைக்கவசம் கழன்று உருண்ட அன்று. மொட்டைத் தலை, முன்பல்லில் இடைவெளி, நல்ல மனுஷன் போல இருந்தான். மற்றபடி அவன் முதுகு, அவன் இடுப்பு, ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதிக்குப் பிறகு சரியாக மடங்காத இடது முழங்கால். அந்த முழங்காலைப் பற்றி அவன் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவள் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. கட்டிய புருஷன் நந்தகோபாலின் நடையைக்கூட அவள் இவ்வளவு கவனித்ததில்லை, அவர் எந்தக் காலை முதலில் வைத்து மில்லுக்குக் கிளம்புகிறார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

போன வாரம் ஒரு மோதலில் எதிராளி ஒருத்தன் அறுபத்தேழுக்கு இடப்பக்கமாக, ஒரு முழம் தள்ளி, யாரும் தொடாமல் நேராக உள்ளே போய் குவார்ட்டர்பேக்கைத் தூக்கி அடித்தான். அறுபத்தேழு அந்த நேரத்தில் வலப்பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அமிர்தவல்லி மைனஸ் இரண்டு போட்டாள். அவளுக்குத் தெரியாமல் அதே கிளிப்பைப் பார்த்த இன்னொருவரும் மைனஸ் இரண்டு போட்டார். இருவர் மார்க்கும் ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது. இன்றைக்குக் காலையில் இந்த வாரத்து ஆட்டம் வந்தது. அறுபத்தேழுக்கு இடப்புறம் வழக்கமாக நிற்கிற எழுபத்துநாலுக்குக் கணுக்காலில் அடி, அவன் இடத்தில் எழுபத்தொன்று என்று ஒரு புதியவன். பதினொன்றரைக்கு, இரண்டாம் கால்பகுதியில், நடுவில் நிற்பவன் போன வாரம் செய்த அதே சைகையைச் செய்தான், வலது தொடையில் இரண்டு தட்டு. பந்து எழுந்ததும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தார்கள். எதிராளி அதே ஒரு முழ இடைவெளியில் பாய்ந்தான். எழுபத்தொன்று நிதானமாக நகர்ந்து வந்து அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து நிறுத்தினான். அறுபத்தேழு அப்போதும் வலப்பக்கம் திரும்பி முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். அமிர்தவல்லியின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. அப்படியானால் அந்த இடைவெளி அறுபத்தேழுடையதே இல்லை, பக்கத்து ஆளுடையது. போன வாரம் எல்லாரும் வலப்பக்கம் நகர்ந்தபோது எழுபத்துநாலு மட்டும் சைகையை மறந்து இடப்பக்கம் போயிருக்கிறான். போன வாரத்துக் கிளிப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். போயிருக்கிறான். சைகையை ஒரு வாரத்தில் மாற்றியிருக்கலாமே, அணிகள் மாற்றுவதுண்டு, போன வாரம் இரண்டு தட்டுக்கு வேறு அர்த்தம் இருந்திருக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது, வந்த வேகத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் அதில் சௌகரியமாக இருந்தாள். பிறகு போன வாரத்துக் கிளிப்பில் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்கிற பையனைப் பார்த்தாள், பந்தை வாங்கி ஓடுகிறவன். அவனும் நேராக இடது ஓரத்துக்கு ஓடிப்போய் அங்கே ஏற்கெனவே நின்ற எழுபத்துநாலோடு முட்டிக்கொண்டு திகைத்து நிற்கிறான். ஓரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன், அங்கே எழுபத்துநாலு இருக்கக் கூடாது. ஒரு ஆளைப் பிடிக்க இரண்டு பேர், இன்னொரு ஆளைப் பிடிக்க யாருமில்லை. படத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. போன வாரமும் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டாம் என்று விதி இருந்தது.

விதியைச் செய்தவளும் அவள்தான், அதை நினைத்தபோது ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிப்பது போல இருந்தது, உண்மையிலேயே அடித்துக்கொண்டும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த புதிதில், நாற்பது பேரும் ஆளுக்கொரு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கையும் படாமல் எதிராளி உள்ளே போனால் ஒருத்தர் இவன்மேல் போடுவார், இன்னொருத்தர் அவன்மேல் போடுவார். அணிக்குள் என்ன பேசிவைத்து ஆடுகிறார்கள் என்று வெளியே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். எழுபத்தெட்டு சதவீதம்தான் ஒத்துப்போகிறது என்று அமெரிக்காவிலிருந்து கடுமையாக மெயில் வந்தது. பழனியப்பன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தவல்லிதான் சொன்னாள், எங்கள் வீட்டில் பால் பொங்கினால் யார் அடுப்பில் வைத்தது என்றெல்லாம் என் மாமியார் கேட்கமாட்டார், பக்கத்தில் நிற்பது யார் என்று மட்டும்தான் பார்ப்பார் என்று. வேடிக்கையாகத்தான் சொன்னாள். மாமியார் கொழுந்தனுக்காகப் பாலை வைத்துவிட்டு சாமி கும்பிடப் போவார், இவள் தண்ணீர் குடிக்க உள்ளே வருவாள், பால் பொங்கும், சாயங்காலம்வரை இவளுக்கு அர்ச்சனை. பழனியப்பன் சிரிக்கவில்லை. சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மேடம், அதையே வெச்சுக்கலாமுங்க. யாரும் தொடாம போனான்னா யாரு பக்கத்துல நிக்கறானோ அவன் மேல போட்டுருங்க. உண்ம பொய் நமக்கெதுக்குங்க, நாப்பது பேரும் ஒரே மாதிரி போடோணும், அத்தனதான்" என்றார். மறுவாரமே கையேட்டில் ஏறியது, ஏழாம் பக்கம், மூன்றாவது விதி. ஒத்துப்போவது தொண்ணூற்று நான்காக ஏறியது. நம்பகத்தன்மை என்று மேலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, ஆளுக்கு இரண்டு லட்டு வந்தது, அவளுக்கு மட்டும் நான்கு. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியாருக்கே கொடுத்தாள். இந்த மூன்று வருஷத்தில் ஏழாம் பக்கம் மூன்றாவது விதிப்படி எத்தனை பேர்மேல் போட்டிருப்பார்கள். நாற்பது பேர், வாரத்துக்குப் பதினைந்து பதினாறு ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டோ மூன்றோ. பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாற்பது பேரும் ஒன்றாகத் தப்பு செய்தால் அதற்குப் பெயர் தப்பில்லை போலிருக்கிறது.

"வல்லியக்கா, டீ வாங்கியாரட்டா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து பிலோமி கேட்டாள். வேறொரு அணியைப் பார்க்கிற பெண், இருபத்தேழு வயது, இரண்டு வருஷமாக அவளோடு ஒரே பேருந்தில் வந்துபோகிறாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "மூஞ்சி ஏனுங்க்கா இப்படி இருக்குது? இனியாவுக்கு மறுபடி காய்ச்சலா?" இல்லை, மகளுக்கு நேற்றே விட்டுவிட்டது என்றாள். மார்க்கைப் பற்றி இருக்கையில் பேசக் கூடாது, பேசினால் இருவர் வேலைக்கும் போடுகிற எண்ணில் கழிப்பார்கள், அதனால் பிலோமியிடம் சொல்லவும் முடியாது. பிலோமி தன் திரைக்குத் திரும்பினாள். இரண்டு ஐந்து. மார்க் என்றால் சும்மா மார்க்கா என்ன. அணிகளே காசு கொடுத்து வாங்கிப் பார்க்கின்றன. நூற்றுக்குக் கணக்குப் போட்ட வருஷ மார்க் அறுபதுக்குக் கீழே போனவன் பெயர் பட்டியலில் சிவப்பாகிவிடும். அறுபத்தேழு இப்போது ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு, சிவப்பு. அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை ஆளைக் குறைக்கிற நாள். அவன் அணியின் மேலாளர் ஒருவர் பத்திரிகையில் சொல்லியிருந்ததை அவள் காலையில் படித்தாள், முன்வரிசையில் சிவப்பாக ஒருவர் இருக்கிறார், செவ்வாயன்று முடிவெடுப்போம், எண்கள் பொய் சொல்லாது என்று. முப்பத்தொரு வயது, அந்த முழங்கால், ஒருதரம் வெளியே விட்டால் மறுபடி கூப்பிட ஒருத்தனும் வரமாட்டான். அந்த ஒரு மைனஸ் இரண்டை எடுத்துவிட்டால் எவ்வளவு வருகிறது என்று துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தாள். அறுபது புள்ளி மூன்று. மறுபடி போட்டாள். அதே அறுபது புள்ளி மூன்று. மூன்றாவது தடவை தப்பாக வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று போட்டாள், அப்போதும் அதுதான் வந்தது.

அவளுக்கும் ஒரு எண் இருக்கிறது, அதை அவள் இவ்வளவு நேரமும் திரையின் மேல்மூலையில் பார்க்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறு புள்ளி நான்கு. மற்றவர்களோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறாள் என்கிற எண். மாதக் கடைசியில் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் கீழ்மாடிக்கு மாற்றுவார்கள். அங்கே ஏதோ ஒரு நாட்டு சூப்பர் மார்க்கெட்டின் அலமாரிப் படங்கள், எந்தத் தட்டில் ஷாம்பு தீர்ந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை, மாதத்தில் பாதி இரவு ஷிப்ட். நந்தகோபாலுக்கு மில்லில் வருஷம் முழுக்க இரவுதான். மாமியார் இப்போது திருப்பூரில் கொழுந்தன் வீட்டோடு. ஒன்பது வயதுப் பெண்ணை வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு யாராவது ஷாம்பு எண்ணப் போவார்களா. இன்றைக்குத்தான் மாதக் கடைசி. தான் போட்ட மார்க் மறுபார்வையில் தப்பு என்று ஆனால் அரைப் புள்ளி போகும். எண்பத்தொன்பது புள்ளி ஒன்பது. இதென்ன கூத்து, அவனுக்கு அறுபதில் கோடு, எனக்குத் தொண்ணூறில் கோடு, இரண்டு பேரும் கோட்டின் மேலேயே நிற்கிறோம் என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, வாய்வரை வரவில்லை. அவன் யார், நான் யார். அவனுக்கு அங்கே வீடு இருக்கும், மூன்று காராவது இருக்கும், வேலை போனாலும் ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வான். இருக்குமா என்று தெரியாது. அவனைப் பற்றி அவளுக்கு முழங்காலும் முதுகும் தவிர எதுவும் தெரியாது. குவார்ட்டர்பேக் அடிபட்டு விழுந்ததும் அறுபத்தேழு திரும்பிப் பார்த்தான். கிளிப்பின் கடைசி நொடி அது, யாரும் அதுவரைக்கும் ஓடவிடமாட்டார்கள். திரும்பிப் பார்த்து, எழுபத்துநாலைப் பார்த்து, போய்க் கீழே கிடந்தவனைக் கைகொடுத்துத் தூக்கினான். எழுபத்துநாலு இவன் பக்கமே பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அறுபத்தேழு வெளியே சொல்லமாட்டான், அணியில் ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுப்பது கிடையாதாம். அவளும் பால் விஷயத்தில் ஒருநாளும் அத்தைதான் வைத்தார் என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருதரமாவது சொல்லியிருக்க வேண்டும் என்று திடீரென்று அவ்வளவு கோபமாக வந்தது, யார்மேல் என்று பார்த்தால் தன்மேல்தான்.

இரண்டு பதினாறுக்கு மறுபார்வைப் படிவத்தைத் திறந்தாள். கேட்பவர் யார் என்று அதில் தெரியாது. முன்பு தெரிந்துகொண்டிருந்தது, ஒருத்தர் மார்க்கை இன்னொருத்தர் தப்பென்று எழுதி, கேன்டீனில் கைகலப்பாகி, அதற்குப் பிறகு கேட்பவர் எண்ணை மறைத்துவிட்டார்கள். யாருடைய மார்க் என்பது மட்டும் இருக்கை எண்ணாகத் தெரியும். பதினான்கு என்றால் அமிர்தவல்லி என்று நாற்காலியின் முதுகைப் பார்த்தே எல்லாருக்கும் தெரியும். தன் மார்க்கைத் தானே தப்பென்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் எழுதக் கூடாது என்று கையேட்டில் எங்கேயும் இல்லை. தொடையில் தட்டிய சைகை, ஐந்தில் நான்கு பேர் வலப்பக்கம் வைத்த அடி, ஓரத்துக்கு ஓடிய பையன், இந்த வாரம் எழுபத்தொன்று செய்தது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். ஏழாம் பக்கம் மூன்றாவது விதி இந்த இடத்தில் பொருந்தாது என்று எழுதி, அழித்து, அந்த விதியே தவறு என்று எழுதினாள். அனுப்புகிற பொத்தானுக்கு முன்னால் இனியாவின் முகம் வந்தது, கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. காலையில் பள்ளிக்கூடத்துக்கு அவள் போட்டுக்கொண்டு போன ஸாக்ஸ் ஒன்று வேறு ஜோடியுடையது, அதைச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு இருபத்தொன்று. அனுப்பிவிட்டாள். அந்த நேரத்தில் எந்தத் திரை சும்மா இருக்கிறதோ அங்கே போகும், அங்கே இருக்கிறவர் பார்த்து எது சரியென்று அமுக்குகிறாரோ அதுதான் கடைசி, அதற்கு மேல் முறையீடு கிடையாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு லேசும் இருந்தது. நந்தகோபாலிடம் என்ன சொல்வது, மில்லில் பகல் ஷிப்ட் கேட்கச் சொல்லலாம், தரமாட்டார்கள், கேட்கலாம். பக்கத்து வீட்டு டீச்சரிடம் இனியாவைப் படுக்கவைக்கலாமா என்று கேட்கலாம். யாருக்குப் போயிருக்கும் என்று தலையை உயர்த்தி வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி குனிந்திருந்தன.

பக்கத்தில் பிலோமியின் மவுஸ் சொடுக்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி. அமிர்தவல்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறவள் கையில் போயிருந்தால் நல்லது என்று நினைத்தாள். நான்காவது தடவைக்குப் பிறகு ஒரே ஒரு சொடுக்கு கேட்டது. திரையின் மேல்மூலையில் தொண்ணூறு புள்ளி நான்கு, தொண்ணூறு புள்ளி ஐந்து ஆனது. அவள் அதைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிலோமி நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் தோளருகே வந்து, பழனியப்பன் இருக்கிற கண்ணாடி அறையை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பேசக் கூடாதுதான். யாரோ உங்க மார்க்கு மேல கை வெச்சிருக்காங்க. போன வாரம் அறுவத்தேழுக்கு நீங்க போட்டது தப்பாமா. எழுவத்துநாலு மேல போடோணுமாமா. கத மாதிரி அத்தன எழுதியிருக்குது."

"நீ என்ன பண்ணுன?"

"உடுவனா நானு? மாசக் கடசீல உங்க நெம்பரு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பழசுதான் சரின்னு அமுத்திட்டேன். எவளோ பொறாம புடிச்சவ, கடசி நேரமாப் பாத்து அனுப்பியிருக்கா."

"கிளிப்பப் பாத்தியா பிலோமி?"

"நாலு தடவ பாத்தனுங்க்கா." பிலோமி மறுபடி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "எழுதுனவங்க சொல்றது சரிதானுங்க்கா. அந்த ஆளு மேல தப்பே இல்ல. ஆனா உங்க மார்க்காச்சேன்னுதான்."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் திறந்தாள். பிலோமியின் முகம் மலர்ந்திருந்தது, ஒரு உதவியைச் சமயத்தில் செய்துவிட்டவளுடைய முகம். இரவு ஷிப்ட் இல்லை, இனியா தனியாக இல்லை, இதுதான் முதலில் தோன்றியது, அந்த நிம்மதி உடம்பு முழுக்க இறங்கி முடிந்த பிறகுதான் அறுபத்தேழின் ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்பதை அவள் வெட்கத்தோடு கவனித்தாள். "தேங்க்ஸ் பிலோமி" என்றாள். இரண்டரைக்குப் போன வாரத்து ஆட்டம் பூட்டப்பட்டது. இந்த வாரத்தில் இன்னும் நாற்பத்திரண்டு கிளிப் பாக்கி இருந்தன. அடுத்ததில் அறுபத்தேழு தன் ஆளைச் சரியாக மறித்தான், கொஞ்சமும் பிசகில்லை. அமிர்தவல்லி பூஜ்யம் போட்டாள். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால் அங்கே பூஜ்யம்தான்.